மட்டக்களப்பில் குறைந்த காசில் முதல் கேமிங் பிசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் முதல் பிசி சேர்க்கிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் ஆலோசனைகள் தப்பில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கரண்ட், கடல் காற்று, கொழும்புக்கு இருக்கும் தூரம் எதுவும் அவர்கள் கணக்கில் கிடையாது. அதனால் என் ஆலோசனை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்: மெஷின் பல வருடம் உயிரோடு இருக்கத் தேவையானதற்கு முதலில் காசு போடுங்கள், கிராபிக்ஸ் கார்டை (ஸ்கிரீனில் படம் வரையும் தனிப் பாகம்) கடைசியில் வாங்குங்கள்.

ஒரு லட்சம் ரூபாய்க்குள் கேமிங் பிசி சேர்க்க முடியுமா?

எல்லாம் புதுச் சாமான், மொனிட்டர், கீபோர்ட், யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சில நிமிடம் மெஷினை ஓட்டும் பற்றரிப் பெட்டி) சேர்த்து என்றால் முடியாது. 2022இல் ரூபாய் விழுந்தபோது ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. 2025 கடைசியில் இருந்து ஏஐ தரவு நிலையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் (மெஷின் ஓடும்போது பயன்படுத்தும் மெமரி), எஸ்எஸ்டி (கேம்களைச் சேமித்து வைக்கும் டிரைவ்) விலை உலகம் முழுக்க ஏறியிருக்கிறது.

பாதி பழசு, பாதி புதுசு என்றால் வழி இருக்கிறது. பழைய ஒபிஸ் பிசி, பழைய மொனிட்டர், புது எஸ்எஸ்டி என்று போனால் ஒரு லட்சத்துக்குள் நல்ல மெஷினே கிடைக்கும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் இந்தப் பக்கத்தில் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, எதற்கு எவ்வளவு பங்கு என்றுதான் சொல்கிறேன்.

எந்த கேம் விளையாடப் போகிறேன் என்பது அவ்வளவு முக்கியமா?

அதுதான் முதல் கேள்வியே. வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 விளையாடுகிற ஆளுக்குத் தேவையான மெஷினும், புதிதாக வரும் பெரிய கதை கேம்கள் விளையாடுகிறவருக்குத் தேவையான மெஷினும் ஒன்றல்ல. முதல் வகைக்கு நல்ல ப்ராசசர் (மெஷினின் மூளையான சிப்) இருந்தால் பெரிய கார்ட் தேவையில்லை. இரண்டாவது வகையில் காசு கார்டுக்குத்தான் போகும்.

எங்கள் பக்கம் நிறையப் பேர் கேட்பது ஃப்ரீ ஃபயரும் பப்ஜி மொபைலும் எமுலேட்டரில் (ஃபோன் கேமை பிசியில் ஓட்டும் மென்பொருள்) ஓடுமா என்று. ஓடும். அதற்கு ப்ராசசரும் ரேமும்தான் முக்கியம். ஒரு விஷயம் கவனியுங்கள்: பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் பக்கம்) போய் வர்ச்சுவலைசேஷனை (ஒரு மெஷினுக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) ஆன் செய்யாவிட்டால் எமுலேட்டர் நத்தை வேகத்தில்தான் ஓடும். ஏஎம்டி போர்டுகளில் அதன் பெயர் எஸ்விஎம், இன்டெல்லில் விடி-எக்ஸ். பல போர்டுகள் அதை ஆஃப் செய்த நிலையிலேயே வரும். மெஷின் சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் அதைப் பாருங்கள்.

காசை எப்படிப் பிரிப்பது?

கார்ட் இல்லாத முதல் கட்ட மெஷின் என்று வைத்துக்கொள்வோம். ப்ராசசர், மதர்போர்ட் (எல்லாவற்றையும் சொருகும் முதன்மைப் பலகை), ரேம் மூன்றுக்கும் சேர்த்துப் பாதிக்கு மேல் போய்விடும். எஸ்எஸ்டியும் பவர் சப்ளையும் கால்வாசி. கேசிங் மிச்சத்தில். யூபிஎஸ்ஸுக்கான காசைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் யாரும் வாங்கியதில்லை.

கலர் லைட் ஃபேன், கண்ணாடிக் கேசிங் எல்லாம் ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் காசு 250 ஜிபி எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்கும். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் கேட்கிறது.

கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் கேம் ஓடுமா?

ஓடும், சரியான ப்ராசசரை எடுத்தால். குறைந்த காசுக்கு நான் முதலில் சொல்வது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021இல் வந்தது, 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ் இருக்கிறது. வலோரன்ட் 1080பியில் (1920x1080 படத் தெளிவு) லோ செட்டிங்கில் செக்கனுக்கு 100 ஃப்ரேமுக்கு மேல் போகும். ஜிடிஏ 5 நார்மலில் நிம்மதியாக விளையாடலாம். புதிய பெரிய கேம்களை எதிர்பார்க்காதீர்கள், அவற்றுக்கு இது காணாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இன்றைக்கே விளையாடத் தொடங்கி, காசு சேர்ந்த பிறகு ஒரு கார்டை வாங்கிச் சொருகலாம். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தை வடிவாகப் பாருங்கள். ரைசன் 5 5500, 5600 இரண்டிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெல்லில் 12100எஃப், 12400எஃப் என்று எஃப் போட்டு வருவதிலும் கிடையாது. விலை குறைவு என்று அதை எடுத்தால், கார்ட் வாங்கும் வரை ஸ்கிரீனில் ஒன்றுமே வராது.

5600ஜிக்கு ஏ520 அல்லது பி550 போர்ட் போதும். பழைய பி450 போர்ட் மலிவாகக் கிடைத்தால், 5000 வரிசை ப்ராசசருக்கு ஏற்ற பயோஸ் அதில் ஏற்கனவே போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஏஎம்5 போர்டுகள் (ஏஎம்டியின் புதிய வகைச் சொக்கட் உள்ளவை) நல்லவைதான். ஆனால் அவை டிடிஆர்5 ரேம் மட்டும்தான் எடுக்கும், முதல் பிசிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

8 ஜிபி ரேம் ஒன்று போதாதா? பிறகு இன்னொன்று போடலாம்தானே?

கார்ட் இருக்கிற மெஷினுக்கு அப்படிச் சமாளிக்கலாம். 5600ஜிக்கு வேண்டாம். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, அது ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே ஒரு ரேம் துண்டு போட்டால் ஃப்ரேம் கணக்கு நன்றாகவே விழும். 8 ஜிபி இரண்டாக, டிடிஆர்4 3200 வேகத்தில் வாங்குங்கள். நான்கு சொக்கட் உள்ள போர்டில் ப்ராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பயோஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பல 3200 ரேம்கள் 2133 போலக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய ஒபிஸ் பிசி வாங்கி அதில் கார்ட் போடலாமா?

நல்ல வழி. டெல் ஒப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிக் கழித்து இங்கே வருபவை. கட்டுமானம் உறுதியானது. ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, எத்தனையாவது தலைமுறை. நான்காம் தலைமுறை ஐ5 மிக மலிவாகக் கிடைக்கும், ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை இன்டெல்லில் இருந்துதான் ஏற்கும். வலோரன்ட்டும் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கிறது. அதனால் கொஞ்சம் கூடப் போட்டாவது 8ஆம் தலைமுறை எடுங்கள். ஐ5-8500 என்றால் 6 கோர், இன்றைக்கும் கெட்டியான ப்ராசசர்.

இரண்டாவது, கேசிங் அளவு. மெலிந்த சின்னப் பெட்டியில் முழு உயரக் கார்ட் உள்ளே போகாது, பாதி உயரக் கார்ட்தான் தேட வேண்டும். அது அரிதாகத்தான் கிடைக்கும், விலையும் கூட. டவர் வடிவத்தில் இருப்பதைத் தேடுங்கள்.

மூன்றாவது, பவர் சப்ளை. இந்தப் பெட்டிகளில் பலவற்றில் 250 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும், கார்டுக்குத் தனி வயரும் வராது. போர்டுக்குப் போகிற இணைப்பும் கம்பனியின் சொந்த வடிவமாக இருக்கும், கடையில் வாங்கும் சாதாரணப் பவர் சப்ளை நேரே பொருந்தாது. எனவே தனி வயர் கேட்காத கார்ட்தான் சரி: ஜிடிஎக்ஸ் 1650இல் 75 வாட் மொடல், அல்லது பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ.

பழைய கிராபிக்ஸ் கார்ட் வாங்கலாமா? மைனிங்கில் ஓடிய கார்ட் என்று பயப்படுகிறேன்.

2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் (கார்டுகளை இரவு பகலாக ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிப்பது) நின்றதும் உலகம் முழுக்க அந்தக் கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. இங்கே கிடைக்கும் ஆர்எக்ஸ் 580, 570களில் நிறைய அப்படி வந்தவைதான். மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை ஒதுக்கத் தேவையில்லை. சிப் பெரும்பாலும் தாங்கும். தேய்வது ஃபேன், காய்வது சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட். இரண்டையும் மாற்றலாம்.

அதைவிட நான் பயப்படுவது பொய்க் கார்டுகளுக்கு. பத்துப் பதினைந்து வருடம் பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளின் பயோஸை மாற்றி, 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். விண்டோஸிலும் அந்தப் பொய்ப் பெயர்தான் தெரியும். ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை பென் டிரைவில் கொண்டு போய் ஓடவிடுங்கள், பொய்க் கார்ட் என்றால் பெயருக்கு முன்னாலேயே ஃபேக் என்று காட்டிவிடும். இன்னொரு அடையாளம், 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் நீலநிற விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தத் தலைமுறைச் சிப்பிலேயே அனலொக் வெளியீடு கிடையாது.

ஆர்எக்ஸ் 580 வாங்கும்போது 2048எஸ்பி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முழுக் கார்டில் 2304 ஷேடர் (படக் கணக்குப் போடும் சின்ன அலகு), இதில் 2048தான். பெயர் 580 என்றாலும் வேகம் 570இன் அளவுதான், விலையும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும்.

கார்டைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்க்க வேண்டியவை: திருகாணிகளில் துரு, பின்பக்க இரும்புத் தகட்டில் உப்புப் பூத்த வெள்ளை, சிப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவு, பச்சை பூத்த செம்பு. ஃபேனை விரலால் மெல்லச் சுற்றுங்கள், ஆடினாலோ கரகரத்தாலோ விலை குறையுங்கள். பிறகு விற்பவரின் மெஷினிலேயே ஃபர்மார்க்கை (கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் மென்பொருள்) ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் இருந்து பாருங்கள். நடுவில் ஸ்கிரீன் கறுத்தாலோ, கலர் புள்ளிகள் வந்தாலோ வீட்டுக்கு வந்துவிடுங்கள். பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், காசை முதலில் போடுங்கள் என்பவரிடம் கார்ட் வாங்கவே வாங்காதீர்கள்.

எதை எடுக்கலாம்? ஆர்எக்ஸ் 6600 கைக்கு எட்டினால் அதுதான். 8 ஜிபி, 132 வாட், குறைந்த கரண்டில் நல்ல வேகம். அதற்குக் கீழே ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு என்விடியா 2025 ஒக்டோபரோடு புதிய கேம் டிரைவரை நிறுத்தி, பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொடுக்கிறது. 16 வரிசைக்கு இன்னும் வருகிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றென்றால் 16ஐ எடுங்கள்.

கேசிங்கோடு 500 வாட் பவர் சப்ளை வருகிறதே, அது போதாதா?

தயவு செய்து அதை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் பெரிதாக எழுதிய வாட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். 18 அம்பியர் என்றால் 216 வாட். ப்ராசசரும் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான். அந்த 216ஐயும் அது சுத்தமாகக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

80 பிளஸ் பிரோன்ஸ் முத்திரை (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச்சான்று) உள்ள, பெயர் தெரிந்த கம்பனியின் 500 அல்லது 550 வாட் ஒன்று எடுங்கள். இப்போது கார்ட் இல்லாவிட்டாலும் எடுங்கள். அட்டவணையில் இன்புட் என்ற இடத்தில் 100-240 வோல்ட் என்று இருப்பது நல்லது. 200-240 என்று இருப்பது, மாலையில் ஊரெல்லாம் ஃபேனும் மோட்டரும் போட்டு வோல்டேஜ் விழும்போது மெஷினை நடுவில் ரீஸ்டார்ட் ஆக்கும். இலங்கை மின் விநியோகக் கணக்கில் 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம், அதாவது கீழே 216 வரை வரலாம். டிரான்ஸ்போமரில் இருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் அதற்கும் கீழே போகும்.

பவர் சப்ளை கெட்டால் தனியாகப் போகாது. போகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

யூபிஎஸ் கட்டாயமா? 2022 மாதிரி இப்போது கரண்ட் வெட்டு இல்லையே.

மணிக்கணக்கான வெட்டு இல்லை. ஆனால் மாரியில் காற்றடித்தால் லைன் கண் சிமிட்டுவது நிற்கவில்லை. விண்டோஸ் அப்டேட் நடுவிலோ பயோஸ் அப்டேட் நடுவிலோ ஒரு தடவை போனால் போதும்.

650 விஏ யூபிஎஸ் இந்த மெஷினுக்குக் காணும். அது 360 வாட் போலக் கொடுக்கும், 5600ஜி மெஷின் கேம் ஓடும்போதும் 100 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். ஏவிஆர் உள்ளதாக எடுத்தால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் ஓரளவு சரிசெய்யும். வெட்டு வந்த பிறகும் விளையாடிக்கொண்டே இருக்க அது இல்லை. சேவ் செய்து மெஷினை நிறுத்துவதற்கு. பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளரும், அது மட்டும் தனியாக மாற்றலாம்.

கேசிங்கைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. மெஷின் பழுதா?

பெரும்பாலும் மெஷினில் பழுதில்லை, வீட்டில் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டரில் லைவ், நியூட்ரல் இரண்டில் இருந்தும் கேசிங்குக்கு ஒரு சின்னக் கப்பாசிட்டர் போகும். அந்தக் கசிவு எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் 115 வோல்ட் போலத் தொங்கிக்கொண்டு நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர் என்பதோடு போகிறது. வெறுங்காலோடு ஈரச் சிமெந்துத் தரையில் நின்று தொட்டால் நன்றாகத் தெரியும். ஆளுக்கு மட்டும் இல்லை, டிவியில் எச்டிஎம்ஐ சொருகும்போது போர்ட் கருகுவதும் இதனால்தான்.

முதலில் எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கை ஒரு கன்வேட்டர் வைத்து இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் சொருகியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. அது சரியாக இருந்தால் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சோதியுங்கள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி மணலில் மேல் மண் காய்ந்துவிட்டால் கரண்ட் இறங்காது. கம்பி ஈர மண் வரை போக வேண்டும். டிரிப் சுவிட்ச்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனையும் அப்போதே அழுத்திப் பாருங்கள். நீங்களாக எர்த் வயரைக் குழாயில் கட்டுவது, நியூட்ரலில் முடிப்பது எல்லாம் உயிர் போகிற வேலை. வேண்டாம்.

மின்னலுக்கு சேர்ஜ் புரொடெக்டர் போதாதா?

போதாது. தூரத்து இடிக்கு உதவும், பக்கத்தில் விழுந்தால் அதையும் சேர்த்துக் கருக்கிவிடும். எங்கள் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில்தான் இடி கூட. வானம் கறுக்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்ச்சை ஆஃப் செய்தால் மட்டும் காணாது. மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகு போய்ப் பிளக்கைப் பிடிக்கவும் வேண்டாம்.

ரவுட்டரில் இருந்து வரும் லான் வயரையும் கழற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். செம்புத் தொலைபேசி லைன் என்றால் அதன் வழியாகவே வரும். ஃபைபர் வயரில் கரண்ட் வராது, ஆனால் ரவுட்டரின் அடப்டர் சுவரில்தானே இருக்கிறது.

வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். துருப்பிடிக்குமா?

பிடிக்கும், மெதுவாக. நீண்ட நாள் நிறுத்தி வைத்த மெஷினில்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற மெஷின் சூட்டில் ஈரம் தங்காது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள். மேசைக்கு மேலேயோ ஒரு பலகைக்கு மேலேயோ வையுங்கள். மாரியில் வெள்ளம் வருகிற வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கச்சான் (மேற்கில் இருந்து வரும் சூடான காற்று) அடிக்கும் மாதங்களில் சூடும் புழுதியும் சேர்ந்து வரும். முன்னால் ஒரு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அது போதும். 5600ஜி 95 பாகை வரை தாங்கும். கேம் ஓடும்போது 80ஐத் தாண்டாமல் இருந்தால் கவலைப்பட வேண்டாம். முன் வலையை மாதம் ஒரு தடவை கழற்றித் தட்டுங்கள்.

கொழும்பில் வாங்குவதா, இங்கேயே வாங்குவதா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்துக்குள் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கலாம். தெரிவும் அதிகம். ஆனால் ஒரு பாகம் பழுதானால் 300 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு போக வேண்டும், இரண்டு பக்கச் செலவும் ஒரு நாளும் போகும். என் வழி இதுதான்: ப்ராசசர், ரேம் போல எளிதில் பழுதாகாதவற்றை மலிவான இடத்தில் வாங்கலாம். மதர்போர்ட், பவர் சப்ளை, யூபிஎஸ் மூன்றையும் உள்ளூரிலேயே, கொஞ்சம் விலை கூடினாலும், முகம் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

பில்லின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். சில கடைகளில் ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள் என்று போட்டிருக்கும். கருகிய அடையாளம், உடைவு, துரு இருந்தால் வாரண்டி இல்லை என்பதும் அங்கேதான் இருக்கும். கடலோர ஊர்க்காரருக்கு அந்தத் துரு வரி மிக முக்கியம்.

மாதம் ஒரு சாமானாக வாங்கிச் சேர்த்து வைப்பதும் வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பொருத்தும்போது போர்ட் பழுது என்று தெரிந்தால் வாரண்டியில் பாதி ஏற்கனவே போயிருக்கும். சீட்டுப் பிடித்தோ உண்டியலில் போட்டோ காசாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே கிழமைக்குள் வாங்குங்கள்.

மொனிட்டருக்கு என்ன செய்வது?

பழைய 22 அல்லது 24 அங்குல 1080பி ஒபிஸ் மொனிட்டர் நன்றாகவே காணும். வெள்ளை, கறுப்பு, சிவப்புப் படங்களை முழு ஸ்கிரீனில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். விஜிஏ போர்ட் மட்டும் உள்ளது என்றால் எச்டிஎம்ஐ அடப்டர் ஒன்று வேண்டும். வீட்டு டிவியிலும் தொடங்கலாம், அதில் கேம் மோட் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

நானே பொருத்தலாமா? உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தாராளமாகப் பொருத்தலாம். அவசரப்படாமல் ஒரு பின்னேரம் முழுக்க ஒதுக்குங்கள். முதலில் கேசிங்குக்கு வெளியே, மதர்போர்ட் வந்த அட்டைப் பெட்டியின் மேல் போர்டை வைத்து ப்ராசசர், கூலர், ரேம், எஸ்எஸ்டி போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்னையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டால் மெஷின் எழும்பும். பயோஸ் தெரிந்தால் பெரிய சாமான்கள் எல்லாம் நல்லவை என்று அர்த்தம்.

5600ஜியின் அடியில்தான் பின்கள் இருக்கும். மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சொக்கட்டில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து, லிவரைத் தூக்கி, மேலே வைத்தால் தன் பாரத்தில் இறங்கிவிடும். அழுத்தவே கூடாது. இறங்கவில்லை என்றால் திசை தவறு, அல்லது ஒரு பின் வளைந்திருக்கிறது. அதோடு வரும் கூலரைப் போட, போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். அப்போது பின்பக்கத் தகடு கழன்று விழும், அதை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கனவே பூசியிருக்கும். வேறு பேஸ்ட் தேவையில்லை, அதை விரலால் தொடவும் வேண்டாம். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கேசிங்குக்குள் போர்டை இறக்கும் முன் பித்தளை நிறத் தாங்கு திருகுகள் போர்டின் ஓட்டைகளுக்கு நேரே இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று கூடுதலாக வேறிடத்தில் இருந்தால் போர்ட் ஷோர்ட் ஆகும்.

எல்லாம் பொருத்தியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை.

பதற வேண்டாம். ப்ராசசருக்குப் போகும் 8 பின் வயர் போட்டீர்களா? மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கும், நிறையப் பேர் விடுவது அதைத்தான். அடுத்து, கார்ட் இருந்தால் எச்டிஎம்ஐ கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. அப்புறம் ரேமைக் கழற்றி, தங்க நிற ஓரத்தை அழிறப்பரால் மெல்லத் துடைத்து, கிளிக் என்று சத்தம் வரும் வரை அழுத்திப் போடுங்கள். ஒரே ஒரு ரேமோடு முயன்று பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டில் உள்ள நாணயப் பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள்.

கேம்களுக்குக் காசு? கிராக் (பூட்டை உடைத்த திருட்டு கேம்) போடலாமா?

வேண்டாம். கிராக்கோடு வரும் வைரஸில் பேஸ்புக், வங்கிக் கணக்கு வரை போகும். வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, ஃபோர்ட்நைட் எல்லாம் இலவசம். எபிக் கடை ஒவ்வொரு வியாழனும் இலவச கேம் கொடுக்கிறது, கணக்கு ஒன்று திறந்து வாராவாரம் எடுத்துச் சேருங்கள். ஸ்டீமில் பெரிய தள்ளுபடி கோடையிலும் டிசம்பரிலும் வரும்.

பிங் எவ்வளவு வரும்?

பிங் என்பது சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். வலோரன்ட்டில் மும்பை, சிங்கப்பூர் இரண்டு சேர்வரையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதை வையுங்கள். உங்கள் இணைப்பு எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. வைஃபையை விட்டு லான் வயர் போட்டாலே பாதிக் குறை தீரும். பெரிய டவுன்லோட்களை இரவு டேட்டாவுக்கு விடுங்கள்.

வாப்பா கேம் பிசிக்குக் காசு தர மாட்டார். படிப்புக்கு என்று சொல்லவா?

பொய் சொல்லி வாங்க வேண்டாம். விலைப் பட்டியலை எழுதி, எது எதற்கு என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். உண்மையிலேயே படிப்புக்கும் அதே மெஷின்தான். ஏ/எல் ஐசிடி எடுக்கிறவருக்குப் பைதன் பழக, படம் எடிட் பண்ண, ஒன்லைன் வேலை தேட ஃபோன் காணாது. எத்தனை மணி வரை விளையாடுவேன், பரீட்சை மாதங்களில் என்ன செய்வேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கார்ட் இல்லாத மெஷினோடு தொடங்குவது இங்கேயும் உதவும். தொகை குறைவு, அடுத்த கட்டத்தை உங்கள் காசில் செய்கிறேன் என்று சொல்லலாம்.

கொஞ்சக் காசு சேர்ந்துவிட்டது. அடுத்து எதை மாற்றுவது?

கார்ட். 5600ஜி மெஷினில் ஆர்எக்ஸ் 6600 வரை நன்றாகப் பொருந்தும், நல்ல 550 வாட் சப்ளை ஏற்கனவே இருப்பதால் வேறு செலவு இல்லை. அதற்கு மேல் வேகமான கார்ட் போட்டால் ப்ராசசர்தான் தடுக்கும். அந்த நேரம் 5600ஜியைக் கழற்றி விற்றுவிட்டு அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் போன்ற ஒன்றைப் போடலாம். பயோஸ் அப்டேட்டை மட்டும் பழைய ப்ராசசர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். 5600ஜிக்கு எங்கள் பக்கம் எப்போதும் ஆள் இருக்கிறது. பெட்டி, பில், அதோடு வந்த கூலர் மூன்றும் கையில் இருந்தால் கேட்ட விலைக்கே போகும், அதனால் அவற்றை அலுமாரிக்கு மேல் பத்திரமாக வைத்திருங்கள்.